பாய் வர வேண்டாம்

உ
சேலம், அஸ்தம்பட்டி
18.05.2020

அன்புள்ள கலீல் பாய்க்கு மாதேஸ்வரன் எழுதிக்கொள்வது.

நேற்றிலிருந்து என் போனை நீங்கள் எடுக்கவில்லை. முந்தாநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வைத்துவிட்டீர்கள். நேரில் வரலாம் என்றால் உங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். பெயிண்ட் கடை அஃப்தாப் தினமும் தகரத்துக்கு மேலாக உங்களுக்குப் பால் பாக்கெட் கொடுப்பதாகச் சொன்னார். அவர் இந்த வீட்டுக்குப் பெயிண்ட் கொண்டுவரும்போது வாசலில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கண்ணுசாமி ஐயா விஷயத்தை நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். மீதியையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். மார்ச்சில் நாம் அவர் வீட்டுச் சமையலறையை உடைத்துப் போட்ட கையோடு ஊரை அடைத்தார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டுக்காரம்மா மாடிப்படிக்குக் கீழே ஸ்டவ்வை வைத்துப் பொங்குகிறார்கள், பாத்திரத்தைக் குளியலறையில் கழுவுகிறார்கள். வேலைக்கு அனுமதி வந்ததும் அவரே கூப்பிட்டார். "மேஸ்திரி, நீங்க ஆளுங்களோட வந்து முடிச்சுக் குடுத்துடுங்க. பாய் மட்டும் வர வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க, டிவில என்னென்னமோ சொல்றாங்க, வீட்ல எங்க அம்மா இருக்காங்க" என்றார். நான் "சரிங்க" என்றேன். அதைத்தான் உங்களிடம் சொன்னேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் பாய்? மாரியப்பனும் மற்ற ஆட்களும் இரண்டு மாதமாகச் சும்மா இருக்கிறார்கள். மாட்டேன் என்றால் அவர் வேறு மேஸ்திரியைக் கூப்பிடப் போகிறார், அவ்வளவுதான்.

இப்போது ஆட்களோடு நானும் இந்த வீட்டு மேல்மாடியிலேயே தங்கியிருக்கிறேன். வேலை முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. அரிசி பருப்பு அவர் கொடுக்கிறார், நாங்களே சமைத்துக்கொள்கிறோம். சமையலறைக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கும் பக்கத்துக்கும் நடுவே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். சிமெண்டை இறக்கிவிட்டு வண்டி போன பிறகுதான் நாங்கள் வாசலுக்கு வருகிறோம். காலையில் அந்த அம்மா நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்க்கிறார்கள். முகக்கவசத்தோடு கலவை போட்டால் மூச்சு முட்டுகிறது. அவர்கள் தலை மறைந்ததும் தாடைக்கு இறக்கிவிடுகிறோம்.

சிங்க்கை எந்தச் சுவருக்கு மாற்றுவது, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதெல்லாம் உங்கள் மனதில்தான் இருக்கிறது. வீடியோ போடுகிறேன், சுவரைக் காட்டுகிறேன், நீங்கள் வீட்டில் இருந்தபடியே சொல்லுங்கள். இந்த நோய் அடங்கும்வரைதான். பிறகு பழையபடி சேர்ந்தே போவோம்.

இப்படிக்கு,
மாதேஸ்வரன்


786
சேலம், கோட்டை
21.05.2020

மாதேசு,

உன் கடிதத்தை ஜஹானாரா அரை நாள் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு நோய் பயம், எனக்கும் மகளுக்கும் வந்துவிடும் என்று.

கண்ணுசாமி வீட்டுக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று உனக்குத் தெரியும். "பாய், நீங்க பார்த்துக்கிட்டா எனக்குக் கவலையே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர் அவர். பொங்கலுக்குப் பிறகு நான் சேலத்தைத் தாண்டி ஓர் ஊருக்கும் போகவில்லை. அது உனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னாயா? உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். "சரிங்க" மட்டும்தான் இருக்கிறது.

அவர் சொன்னதற்காக நான் போனை வைக்கவில்லை. காய்கறி வண்டிக்காரரே எங்கள் தெரு முனையில் மணியடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஊர் இப்படித்தான் இருக்கிறது என்று பழகிக்கொண்டிருக்கிறேன். நீ அதை என்னிடம் சொன்ன தொனிதான். நாளைக்கு மணல் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாய்.

ஆட்கள் சாப்பிட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வரைபடம் இதோடு இருக்கிறது. சிங்க் கிழக்குச் சுவருக்குப் போகட்டும். வெளியேறும் குழாய்க்கு வாட்டம் போதாமல் தண்ணீர் தேங்கும் என்றால் தரையைக் கொஞ்சம் உயர்த்து, குழாயைத் தாழ்த்தாதே. சந்தேகம் வந்தால் வீடியோவில் கூப்பிடு. வேலைக்கான போனை எடுப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை. வேலை முடிந்து அந்த அம்மா புது மேடையில் முதல் நாள் சமைக்கும்போது, இதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது கலீல் பாய் என்று சொல். என்னை உள்ளே விடச் சொல்லவில்லை. பேரை மட்டும் சொல்.

கலீலுல்லா


உ
எடப்பாடி
09.08.2020

அன்புள்ள கலீல் பாய்க்கு,

வீடியோவில் வேலையைத் தவிர வேறு பேச்சே எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

இந்த மூன்று மாதத்தில் நமக்கு வந்திருக்கும் வேலையைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சனங்களுக்கு இத்தனை நாளாகக் கண்ணில் படாத விரிசலெல்லாம் இப்போது படுகிறது. ஒருத்தருக்கு வாசலில் கைகழுவ வாஷ்பேசின் வேண்டும். இன்னொருத்தருக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தால் தனியாக இருக்க மொட்டை மாடியில் அறையும் பாத்ரூமும் வேண்டும், ஏறிப்போக வெளியிலிருந்தே படி வேண்டும். நேரில் போய் அளவெடுப்பதையே விட்டாச்சு. அவர்களே போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு செட் ஆட்கள், அது முடியாமல் அடுத்த வீட்டுக்கு மாற்றுவதில்லை. இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எடப்பாடியில் தறி வைத்திருக்கும் கலையரசன் கூப்பிட்டார். "ஏனுங்க மேஸ்திரி, உங்க ஆளுக சுத்தபத்தமா இருப்பாங்கன்னு சொன்னாங்க, எங்கூட்டுக்கும் வந்து செஞ்சு குடுங்கொ" என்றார்.

கண்ணுசாமி ஐயா வீட்டு வேலை நல்லபடி முடிந்தது. நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்ல வாய் எடுத்தேன். அன்றைக்கு அவருடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

அஃப்தாப் மூலம் உங்களுக்குத் தெரியவந்தால் தப்பாகப் போகும் என்பதால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒட்டப் புது ஸ்டிக்கர் அடித்தோம். கலீல் மாதேஸ் என்று இல்லை, மாதேஸ் என்று மட்டும் இருக்கிறது. ஊருக்குள் நுழையும் இடத்திலெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறார்கள் பாய். ஸ்டிக்கர்தானே, கிழித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம். கடை போர்டில் கைவைக்கவில்லை.

கலையரசன் வீட்டு மாடிப்படி எப்படித் திருப்பினாலும் ஜன்னலை அடைக்கிறது. வீடியோவில் பிடிபடவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

மாதேஸ்வரன்


786
சேலம், கோட்டை
27.08.2020

திரு. மாதேஸ்வரன் அவர்களுக்கு,

எடப்பாடிக்கு நான் சொல்லாமல் வந்தது தவறு. மாடிப்படி பிடிபடவில்லை, எங்கள் தெருத் தகரத்தை எடுத்து வெகு நாளாகிவிட்டது, போகும் இடம் சொந்த மாவட்டம்தான், பாஸ் வேண்டியதில்லை, ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். என்னைப் பார்த்தால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்றும் நினைத்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். உங்கள் ஞாபகத்தில் அது வேறு மாதிரி இருக்கக்கூடும்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஓடி வந்தீர்கள். "மாஸ்க்க மட்டும் இறக்கிராதீங்க பாய்" என்று காதோடு சொன்னீர்கள். நோய்க்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். கலையரசன் உள்ளேயிருந்து வந்தார். "இவுரு யாருங்க மேஸ்திரி?" என்றார். நீங்கள் கொஞ்சமும் திணறவில்லை. "நம்ம பிளான் போடறவருங்க. குமரகுரு" என்றீர்கள்.

மாஸ்க் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே என் தாடி இருந்தது.

மாரியப்பன் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். அங்கேயே "இல்லைங்க, என் பேர் கலீலுல்லா" என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே அத்தனை பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கும். படியைப் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு திருப்பம் வைத்தால் ஜன்னல் தப்பிக்கும் என்று சொன்னேன். கலையரசனுக்கு அது பிடித்துப்போனது. "குமரகுரு சார், வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா?" என்று கேட்டார். மோரைக் குடிக்க மாஸ்க்கை இறக்க வேண்டும். தொண்டை வறண்டு நின்றுகொண்டு "வேண்டாம்" என்றேன். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு குழாயில் தண்ணீர் குடித்தேன்.

நீங்கள் வேறு பேர் சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ. அவர் பின்னாலிருந்து குமரகுரு என்று கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். அதை மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் "மாதேசு எப்படி இருக்கான்?" என்று ஜஹானாரா கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

இனி வரைபடம் அனுப்ப மாட்டேன். வீடியோவும் வேண்டாம்.

கலீலுல்லா


உ
எடப்பாடி
05.09.2020

பாய்,

திரு. போட்டு, அவர்கள் போட்டு, நீங்கள் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பேர் எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வேலையை ஒத்துக்கொள்ளும்போதே கலையரசன் என்னிடம், என்னோடு யார் யார் வருவார்கள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டிருந்தார். உங்கள் பேரை நான் சொல்லவில்லை. நீங்கள் திடீரென்று வாசலில் வந்து நிற்கவும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். செய்தது தப்புத்தான். ஆனால் இத்தனை வருஷமாக உள்ளே போட்டு வைத்திருந்ததை நானும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தொழிலில் நாம் பாதிப் பாதி. ஒவ்வொரு வீட்டிலும் உங்களுக்கு ஹாலில் நாற்காலி போட்டார்கள், டம்ளரில் காபி கொடுத்தார்கள். "மேஸ்திரிக்குப் பின்னாடி குடுத்துடு" என்பார்கள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் குடித்தேன். கண்ணுசாமி ஐயா முதல் நாளே என்னை எந்த ஊர் என்று கேட்டார். வெண்ணந்தூர்ப் பக்கம் என்றேன். அங்கே எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அம்மா எனக்குக் கையில் எதையும் கொடுத்ததில்லை, படியில் வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் அப்போது ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவருக்கு டைல்ஸ் நிறம் காட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாளாவது, "மாதேசையும் உள்ள கூப்பிடுங்க, அவனும் என்கூடத்தான்" என்று சொல்லியிருக்கிறீர்களா?

நோய் வந்த பிறகுதான் நான் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். ஹாலில் நின்று பேசினேன். கலையரசன் வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உங்களை வேண்டாம் என்று சொன்னதால்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதேஸ்வரன்


786
சேலம், கோட்டை
14.09.2020

திரு. மாதேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீங்கள் சொன்ன வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கண்ணுசாமி வீட்டு ஹால் ஞாபகம் வருகிறது, அவர் தேர்ந்தெடுத்த டைல்ஸ் நிறம் ஞாபகம் வருகிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பது மட்டும் வரவில்லை.

அது என் குறையாகவே இருக்கட்டும். ஆனால் இத்தனை வருஷம் நாம் ஒரே வண்டியில் போய் வந்தோம். அஃபீபா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அப்போதெல்லாம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பேரை மாற்றிய பிறகு அதற்கு நியாயமாக எடுத்து நீட்டுகிறீர்கள். உங்களுக்குப் படியைக் காட்டியவர்களும் எனக்கு வாசலை அடைத்தவர்களும் ஒரே ஆட்கள். அவர்களிடம் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொள்கிறோம்.

கடை போர்டை நானே இறக்கிவிட்டேன். இனி நீங்கள் உங்கள் பேரில் செய்யுங்கள், நான் என் பேரில் செய்துகொள்கிறேன்.

அஃபீபா சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். ஒழுகும் கூரை, ஊறும் சுவர் என்று பெண்கள் வீடியோவில் கூப்பிட்டால் அவள் பார்த்துச் சொல்கிறாள். சின்ன வேலையாக இருந்தால் அவர்களையே செய்யவைக்கிறாள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் மேஸ்திரியை உள்ளே விடத் தயங்குகிறவர்கள் அவளைத் தேடுகிறார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டால் முழுப் பேரையும் சொல்கிறாள். சிலர் அதோடு வைத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பிழைத்துக்கொள்வோம்.

கலீலுல்லா


உ
வெண்ணந்தூர்
16.06.2021

கலீல் பாய்க்கு மாதேஸ்வரன் எழுதிக்கொள்வது.

ஒன்பது மாதம் ஆயிற்று. இதைப் பிரிப்பீர்களோ மாட்டீர்களோ. போனில் பேசினால் இருமல் வந்து பேச்சு அறுந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மே மாதம் எனக்கு நோய் கண்டது. ராசிபுரத்தில் அறிவுச்செல்வி டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் அறை போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் உடம்பு வலி, வெயில் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாரத்தில் ஏற முடியவில்லை. அதற்குள் டீச்சருடைய அப்பாவுக்கும் காய்ச்சல். எனக்கு முதலில் வந்ததா, அவருக்கு முதலில் வந்ததா, யாருக்குத் தெரியும்? இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இரண்டு பேரும் பிழைத்து வந்துவிட்டோம். அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லையாம். என்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது.

மேஸ்திரிதான் கொண்டுவந்து விட்டான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அது எனக்கு முன்னால் எடப்பாடி வரைக்கும் போய்விட்டது. கலையரசன் தன் தம்பி வீட்டு வேலையை எனக்குத்தான் தருவதாக இருந்தார். போன் போட்டால், "இப்ப வேண்டாங்க மேஸ்திரி, பொறவு பாக்கலாம்" என்கிறார். பிறகு என்றால் எப்போது என்று கேட்கத் துணிவில்லை. தெருவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் மூங்கில் கட்டியிருந்தார்கள். அவிழ்த்த பிறகும் ஆட்கள் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறார்கள். ஜோதி தண்ணீர் பிடிக்கப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்களாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவோடு போன மகன் சொன்னான்.

மாரியப்பன் முதலில் தினமும் போன் பண்ணினான். "நீங்க படுத்துக் கெடங்கண்ணா, வேலய நான் பாத்துக்கறேன்" என்றான். இப்போது போனை எடுப்பதில்லை. மற்ற ஆட்களும் எடுப்பதில்லை. எங்கே வேலை செய்கிறார்கள் என்றே தெரியவில்லை.

படுத்துக் கிடக்கும்போது உங்கள் தெருத் தகரம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீங்கள் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று அன்றைக்கு நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்கு ராசிபுரத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். மாதேசு குணமாகிவிட்டான், அவனால் யாருக்கும் ஒன்றும் வராது என்று சொல்லுங்கள். முடிந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பேர் போட்டாலும் சரி, என் பேர் வேண்டாம்.

மாதேஸ்வரன்


786
சேலம், கோட்டை
12.07.2021

மாதேசு,

உடம்பு தேறி வருகிறது என்று அஃப்தாப் சொன்னான். ஜஹானாரா உனக்காக துவா செய்ததாகச் சொல்லச் சொன்னாள். அவள் உன்மேல் கோபப்பட்டதே இல்லை, நான் அவளிடம் எதையும் சொல்லாததால்.

நீ தேடும் ஆட்கள் என்னிடம்தான் இருக்கிறார்கள். மே கடைசியில் மாரியப்பன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். "மாதேஸ் அண்ணன் பேரச் சொன்னா கதவத் தெறக்க மாட்டேங்கறாங்க பாய்" என்றான். வாசலிலேயே நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டேன். "எடப்பாடியில என் பேரு என்னடா?" என்றேன். பிறகு சேர்த்துக்கொண்டேன். அவர்கள் சாப்பிட வேண்டும் என்று மட்டும் இல்லை. எனக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். இத்தனை நாளாகச் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த மறுவாரம் அறிவுச்செல்வி டீச்சர் அஃபீபாவைக் கூப்பிட்டார்கள். மாடி அறை பாதியில் நிற்கிறது, மழை வருவதற்குள் கூரையை மூட வேண்டும் என்றார்கள். அஃபீபா போனை என்னிடம் கொடுத்தாள். வேலையெல்லாம் பேசி முடித்த பிறகு அவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "ஒண்ணு கேட்டுக்கறனுங்க. முன்னாடி வந்த மேஸ்திரி, அவுரு உங்ககூட வருவாருங்களா?" என்றார்கள்.

உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. சொல்லியிருக்கலாம். அவன் என் கூட்டாளி, நல்ல தொழில்காரன், குணமாகிவிட்டான், நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். அதிகம் போனால் போனை வைத்திருப்பார்கள். அஃபீபாவுக்கு அது பழக்கம்தான். அவள் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, அவர் வரமாட்டார்" என்றேன்.

நாக்கு தடுமாறவே இல்லை. அடுத்த நொடியே ஜல்லி எப்போது இறக்குவது என்று பேசத் தொடங்கிவிட்டேன். போனை வைத்த பிறகு அஃபீபா, "அத்தா, மாதேஸ் மாமாவா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ அன்றைக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்துவிட்டதால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் இருந்தது. இப்போது என்னைப் பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரு வண்டியில் ஏறினால் யார் முகத்தை யார் பார்ப்பது? அதனால் சேர்த்துக்கொள்ள முடியாது.

கூரை போட்டாகிவிட்டது. டீச்சருடைய அப்பாவை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப்போய்க் காட்டினார்கள். அறை நன்றாக இருக்கிறது என்றாராம். சுவரெல்லாம் நீ கட்டியது.

கடையை இந்த மாதத்தோடு காலி செய்கிறேன். உன் சாரக்கம்பு, கலவைத் தட்டு, டைல்ஸ் வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் நான் தொழுகைக்குப் போயிருப்பேன். அஃப்தாப் கடையைத் திறந்துவிடுவான். அந்த நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போ.

கலீலுல்லா